வரைக்கல்லில் என் கை

டீக்கடையில் ஐந்து பேர் இருந்தார்கள், கவனித்தீர்களா? ஐந்து பேருக்கும் கல் இருக்கும் இடம் தெரியும். ஐந்து பேருக்கும் நடக்கக் கால் இருக்கிறது. ஆனாலும் ஐந்து பேரும் என்னைத்தான் கை காட்டினார்கள். கல் எங்கே என்று மட்டும் நீங்கள் கேட்டிருந்தால் அவர்களே கூட்டிவந்து காட்டியிருப்பார்கள். நீங்கள் பழைய கோடு எங்கே என்று கேட்டுவிட்டீர்கள். அதனால்தான்.

இந்த வரப்பு வழியாகப் போனால் இருபது நிமிஷம். வழுக்கும், பார்த்து வாருங்கள். அந்தப் பலகையை நான் பிடிக்கட்டுமா? வேண்டாமா? சரி. மேடம் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் மூத்த மகள் வயசுதான் இருக்கும் உங்களுக்கு. மக்களே என்று கூப்பிடுகிறேன். எங்கள் பக்கத்தில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

என் பெயர் கோலப்பன். ஆபீசில் உங்களுக்குக் கொடுத்த தாளில் என் பெயர் இருக்கிறதா? காயல் காப்புக் கமிட்டி, ஏலாப் பக்கத்து உறுப்பினர் என்று இருக்க வேண்டும். கோடு போட்டு அடிக்கவில்லையே? அடிக்க மாட்டார்கள். என்னை யாரும் விலக்கவில்லை. நானும் விலகவில்லை. ஒரு வருஷமாகக் கல்லுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது விளங்காது. மழை இல்லாத மாதங்களில் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிடும். கடல் மண்ணைக் கொண்டுவந்து ஆற்றின் வாயில் போடும். போட்டுப் போட்டு ஒரு திட்டு எழுந்து வாய் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைப் பொழி என்போம். பொழி அடைந்தால் ஆறு போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். அதோ தெரிகிறதே, அந்தக் காயல் அப்படித் தேங்கியதுதான். வைகாசிக் கடைசியில் மழை பிடித்தால் காயல் ஏறும். ஏறிய தண்ணீர் இந்த ஏலாவுக்குள் வரும். ஏலா என்றால் இதோ நாம் நடக்கிற வயல்வெளி. முதல் போகமான கன்னிப்பூ நெல் அந்தச் சமயம் முழங்கால் உயரம்கூட இருக்காது. அதனால் பொழியை வெட்டிவிட வேண்டும்.

எப்போது வெட்டுவது, அதில்தான் வம்பு. தாமதமாக வெட்டினால் நெல் அழுகும். சீக்கிரம் வெட்டினால் தண்ணீருக்குப் பலம் இருக்காது. காயல் நிறைந்து முட்டிக்கொண்டு நிற்கும்போது வெட்டினால், நாம் ஒரு முழம் அகலத்துக்கு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், மீதியைத் தண்ணீரே அரித்துக்கொண்டு போகும். வாய் ஆழமாகி இரண்டு மாதம் திறந்து கிடக்கும். கடலிலிருந்து திருதை மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வந்து, கரையில் நிற்கிற கண்டல் மர வேர்களுக்குள் ஒளிந்து வளரும். கடல் பக்கத்தாருக்கு அதுதான் வருஷம் முழுக்கச் சோறு. பலமில்லாத தண்ணீரில் வெட்டினால் வாய் நாலு நாளில் மறுபடி மூடிக்கொள்ளும்.

இதற்காகத்தான் அந்தக் கல். வரைக்கல் என்று பெயர். காயல் ஓரத்தில் நட்டு வைத்த கருங்கல் தூண். யார் நட்டார்கள் என்று கேட்காதீர்கள், தெரியாது. அதில் ஒரு கோடு கொத்தியிருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வெட்டலாம். தொடாவிட்டால் வெட்டக் கூடாது. தொட்டதா இல்லையா என்று வாயால் சொல்வது செல்லாது. ஏலாப் பக்கத்து ஆள் ஒருவர், கடல் பக்கத்து ஆள் ஒருவர், இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிக் கோட்டில் கை வைக்க வேண்டும். இரண்டு கையும் நனைந்தால் அன்று வெட்டு. அந்த நாளைச் சொல்வது எங்கள் பக்கம். எந்த நேரத்தில் மண்வெட்டியை எடுப்பது என்று சொல்வது அவர்கள் பக்கம். நாள் எங்களுடையது, நேரம் அவர்களுடையது.

ஏலாப் பக்கத்தில் யார் கை வைப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. யாருடைய வயல் எல்லாவற்றிலும் பள்ளமோ, அவர் கைதான்.

இதோ, இந்த வளைவில் கொஞ்சம் நில்லுங்கள். வலது பக்கம் பாருங்கள். தண்ணீருக்கு மேலே நுனி மட்டும் தெரிகிறதே, அதுதான் என் வயல். ஏலாவில் முப்பத்திரண்டு வயல் இருக்கிறது. முப்பத்தொரு வயலுக்குப் பழைய கோடு சரியாக இருக்கும். தண்ணீர் கோட்டைத் தொடும்போது அவற்றின் வரப்புக்கூட நனையாது. ஒரே ஒரு வயல் மட்டும் அதற்குள் முழுக்க முங்கிக் கிடக்கும். அந்த ஒன்று யாருடையது? என்னுடையது.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? என் அப்பா ஒரு வருஷம் தன் வயல் ஆறு நாள் தண்ணீருக்கடியில் கிடக்க, தினம் காலையில் போய்க் கல்லில் கை வைத்து, இன்னும் தொடவில்லை, இன்னும் தொடவில்லை என்று திரும்பி வந்தார். அவருக்கு அவ்வளவுதான் சூட்டிகை. அந்த மாதிரி வருஷங்களில் மற்ற முப்பத்தொரு வயலில் இருந்தும் வயலுக்கு ஒரு மரக்கால் நெல் எங்கள் வீட்டுக்கு வரும். கடல் பக்கத்திலிருந்து சீசன் முடியும்வரை மீன் வரும். அது வேறு விஷயம். நெல் வருகிறது, மீன் வருகிறது என்பதற்காக ஒருவன் தன் வயல் முங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பள்ளத்து வயல்காரனிடம் ஏன் கல்லைக் கொடுத்தார்கள்? அவன் தன் வயலைக் காப்பாற்றிக்கொள்ளட்டும் என்றுதானே? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மாதேவன் வேறு மாதிரி சொல்வான். என் வயலுக்கு அடுத்த வயல்காரன். முதலில் நஷ்டப்படுகிறவனே பொறுத்துக்கொண்டு நின்றால்தான் மற்றவனுக்கு அந்தக் கையில் நம்பிக்கை வரும், அதனால்தான் கொடுத்தார்கள் என்பான். அவன் வயல் என்னுடையதைவிட மேட்டில் இருக்கிறது. மேட்டில் இருந்தால் எனக்கும் இப்படிப் பேச வரும்.

சரி, கமிட்டிக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் காயலில் மீன் குறைந்துபோய், இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசிக் கமிட்டி போட்டோம். பொழி திறந்த இரண்டு மாதத்துக்குச் சின்னக் கண்ணி வலை போடக் கூடாது. ஆற்றில் மண் அள்ளக் கூடாது. கரையில் கண்டல் நட வேண்டும். கல்லைப் பராமரிக்க வேண்டும். கடல் பக்கத்துக்கு வியாகப்பன், ஏலாப் பக்கத்துக்கு நான். வியாகப்பன் வள்ளக்காரன். என் வயசுதான். நானும் அவனும் சண்டை போடாத வருஷம் இல்லை, ஆனால் கல்லுக்குப் போகும்போது ஒரே பீடியைத்தான் மாற்றி மாற்றி இழுப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லைப் பராமரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் எடுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். கல் முழுக்கப் பாசி. கோடு கண்ணுக்கே தெரியவில்லை. நான்தான் பாசியைச் சுரண்டி, வழவழப்பாக இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் முழுக்க மெல்லிசாகச் சிமெண்ட் பூசி, காய்ந்த பிறகு வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டேன். என் வீட்டுப் பிரஷ். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

என்ன? பழைய கோடு இருந்த அதே இடத்திலா?

ஏறத்தாழ அதே இடம்தான். பெயிண்ட் அடிக்கும்போது தண்ணீரில் நின்றுகொண்டு அடிக்கிறோம். அலை ஆட்டுகிறது. கை கொஞ்சம் இறங்கும். மூன்று விரல் கீழே வந்திருக்கும். மூன்று விரல் ஒரு அளவா? இருக்கட்டும், கொஞ்சம் பாதுகாப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் வெட்டினோம். என் வயல் முங்கவில்லை. பொழி நாற்பது நாள் திறந்திருந்தது.

அடுத்த வருஷம் பெயிண்ட் உரிந்துவிட்டது. உப்புக்காற்று. மறுபடி அடித்தேன். அப்போதும் மூன்று விரல். அந்த வருஷம் பொழி இருபது நாளில் மூடிக்கொண்டது. கமிட்டிக் கூட்டத்தில் ஏன் இப்படி ஆகிறது என்று பேச்சு வந்தது. நான்தான் எழுந்து, மேலே மண் அள்ளுகிறார்கள், கடலும் முன்னைப் போல இல்லை, மண்ணின் குணமே மாறிவிட்டது என்று விளக்கிச் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன். வியாகப்பன்கூடத் தலையாட்டினான். அந்த வருஷம்தான் வெளியூரிலிருந்து யாரோ கமிட்டியைப் பார்க்க வந்து, கல்லைச் சிறப்பாகப் பராமரித்ததற்கு எனக்குப் பொன்னாடை போட்டார்கள். வீட்டில் இருக்கிறது, திரும்பும்போது காட்டுகிறேன்.

போன வருஷம் மூன்றாவது தடவை அடித்தேன். மூன்று மூன்று ஒன்பது. ஒன்பது விரல் என்றால் எவ்வளவு? ஒரு சாண்கூடச் சரியாக வராது. இதற்குத்தான் இந்தப் பாடு.

யார் கண்டுபிடித்தது என்று நினைக்கிறீர்கள்? என்ஜினீயரா? அளவெடுக்கிறவரா? வியாகப்பனின் தங்கை பிரகாசி. காயலில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்குகிறவள். நாங்கள் இரண்டு பேரும் கல்லில் கை வைத்து நிற்கிறோம். இரண்டு கையும் நனைந்திருக்கிறது. கரையில் இரண்டு ஊர் ஆட்களும் மண்வெட்டியோடு தயாராக நிற்கிறார்கள். இவள் பக்கத்தில் மட்டிக் கூடையோடு நின்றுகொண்டு குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கோடு நனஞ்சா தண்ணி என் இடுப்புல நிக்கும். இருவது வருசமா அப்பிடித்தான். இன்னைக்குக் கோடு நனஞ்சு கெடக்கு, தண்ணி தொடைக்கு மேல ஏறல்ல. நான் வளந்துட்டேனா, கல்லு தாந்துட்டா?"

கரையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வயசில் வளர்ந்தால் நல்லதுதானே, உன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே என்றேன். இன்னும் சிரித்தார்கள். வியாகப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டான். எடுத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்கு வேண்டாம் வேய். நாலு நாள் போவட்டு."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். துடைத்துக்கொண்டு கரை ஏறிவிட்டான். இரண்டு வருஷம் அதே வெள்ளைக் கோட்டில் அவனும்தான் கை வைத்தான். குனிந்து பார்த்தானா? என் கை எங்கே இருந்ததோ அங்கே வைத்தான். அப்படியானால் அவனுக்கும் இதில் பங்கு உண்டா இல்லையா? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

நாலு நாளா? என் வயலில் நெல்லின் நுனி அப்போதே தண்ணீரோடு தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தேன், நுனியும் இல்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் என் இரண்டு மச்சினர்களையும் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு பொழிக்குப் போனேன். மூன்று பேர். யாரிடமும் கேட்கவில்லை. கோடு நனைந்துவிட்டது, நாள் சொல்வது எங்கள் பக்கம், இதில் கேட்க என்ன இருக்கிறது?

பாதி வெட்டியிருப்போம். கடற்கரையில் கருவாடு காயப்போட வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். வியாகப்பன் ஓடிவந்தான். அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு அந்த மண்ணில் அவன் ஓடி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க நின்றான். ஏன் வெட்டினாய் என்று கேட்பான் என்று நான் பதில் வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"ஓய் கோலப்பா, நேரம் பாத்தியாவேய்? கடல் ஏறிட்டுக் கெடக்கு."

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் போகும், எனக்குத் தெரியும் என்றேன்.

"ஏறுக கடலுக்கு முன்னால வாயைத் தொறந்தா, உள்ள இருக்கதா வெளிய போவும்? வத்தம் வரட்டும்வேய். மத்தியானம் வரைக்கும் பொறு. உனக்கு வெட்டணும்னா நானே வெட்டித் தாறேன்."

வத்தம் என்றால் கடல் இறங்குகிற நேரம். அதெல்லாம் அவர்கள் கணக்கு. எனக்கு வேண்டியது ஒன்றுதான், தண்ணீர் என் வயலை விட்டுப் போக வேண்டும். நான் கடைசி மண்ணையும் வெட்டி எடுத்தேன்.

தண்ணீர் போயிற்று. பொய் சொல்லவில்லை, போயிற்று. ஒரு பத்து நிமிஷம் காயல் தண்ணீர் வாய்க்கால் வழியே கடலுக்குப் போனது. நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வியாகப்பனைப் பார்த்தேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் மெதுவாயிற்று. பிறகு நின்றது. வாய்க்காலில் மிதந்த ஒரு கண்டல் இலை அப்படியே நின்றது. பிறகு அந்த இலை எங்கள் பக்கம் திரும்பி வர ஆரம்பித்தது.

அன்று பௌர்ணமி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பௌர்ணமியில் கடல் அதிகம் ஏறும் என்று சொல்ல வேண்டியவன் ஓடி வருவதற்குப் பதிலாக முன்னாலேயே வந்து சொல்லியிருக்கலாம்.

கடல் வந்தது. நாங்கள் வெட்டிய வழியே அகலப்படுத்திக்கொண்டு வந்தது. காயல் நிறைந்து, ஏலாவின் வாய்க்கால் வழியாக ஐந்து வயலுக்குள் ஏறியது. மத்தியானத்துக்கு மேல் கடல் இறங்கும்போது இந்த உப்புத் தண்ணீராவது திரும்பிப் போகும் என்று நினைத்தேன். அதற்குள் அலை மண்ணைப் போட்டு வாயை மூடிவிட்டது. உப்பு உள்ளேயே நின்றது. பன்னிரண்டு நாள்.

மாதேவன் வயல் போயிற்று. நெல்லின் நுனி முதலில் மஞ்சளானது. பிறகு சூடு போட்ட மாதிரி சுருண்டது. அவன் தினமும் வந்து வரப்பில் உட்கார்ந்திருப்பான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவன் சுபாவமே அப்படி, முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். காயலில் மீன் செத்துக் கரை ஒதுங்கியது. நல்ல தண்ணீரில் வளர்ந்த மீன். கமிட்டி நட்ட கண்டல் மட்டும் பச்சையாக நின்றது. அதற்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை.

என் வயல்? எல்லாவற்றிலும் பள்ளம் அதுதானே. உப்பு அதிலேதான் அதிக நாள் கிடந்தது. இந்த வருஷம் விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை. இதைப் பற்றி யாராவது பேசினார்களா? மாதேவன் வயலைப் பற்றிப் பேசினார்கள். மீனைப் பற்றிப் பேசினார்கள். நான் என்ன கடலைக் கூட்டிக்கொண்டா வந்தேன்?

பிறகு கமிட்டி கூடியது. நான் போனேன். ஏசுவார்கள் என்று தயாராகத்தான் போனேன். ஏசவில்லை. அபராதம் இல்லை. உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார்கள். கேட்டது ஒன்றுதான். கோலப்பன், பழைய கோடு எங்கே இருந்தது, காட்டுங்கள். அதைக் காட்டினால் போதும்.

யோசித்துப் பாருங்கள். அதைக் காட்டினால் என்ன அர்த்தம்? நான் மாற்றினேன் என்று ஆகிவிடும் இல்லையா? எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிமெண்டைச் சுத்தியலால் தட்டி எடுத்துப் பார்க்கலாம் என்று அவர்களில் ஒருவன் சொன்னானாம். பிரகாசிதான் தடுத்தாளாம். கல்லை உடைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், அவருக்குத் தெரியும், அவரே வந்து காட்டட்டும் என்றாளாம். சரி, கோலப்பன் வராவிட்டால் வேறு யாராவது ஏலாப் பக்கத்துக்குக் கை வைக்கட்டும் என்று மாதேவனைக் கேட்டார்களாம். அவன் மாட்டேன் என்றுவிட்டான். பள்ளத்து வயல் என்னுடையது இல்லை, அதோடு எந்தக் கோட்டில் வைப்பது என்றும் எனக்குத் தெரியாது என்றானாம். ஒரு ஆளும் முன்வரவில்லை. ஏலாவில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள், மக்களே. ஒரு ஆளும் வரவில்லை.

அதனால்தான் ஆபீசுக்கு எழுதிப்போட்டு உங்களை வரவழைத்திருக்கிறார்கள். இரும்புப் பலகை, நம்பர் போட்டது, சிவப்புக் கோடு. நல்லதுதான். ஆனால் சிவப்புக் கோட்டை எந்த நம்பரில் போடுவீர்கள்? அதற்கும் என்னிடம்தானே வர வேண்டியிருக்கிறது?

வீட்டில் தாணம்மாள், என் வீட்டுக்காரி, தினம் ஒரு தடவை சொல்கிறாள். போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், ஒரு வருஷமாக உங்களுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்குக் கிணற்றடிக்குப் போக முகமில்லை என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? சோறு இறங்காததற்குக் காரணம் வாயு. மரியாதையாக நாலு பேர் வீட்டுக்கு வந்து, கோலப்பா, நீ இல்லாமல் கல்லுப் பக்கம் போக முடியவில்லை, வா என்று கூப்பிட்டிருந்தால் நான் போகாமலா இருந்திருப்பேன்? இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூப்பிட்ட விதம் சரியில்லை.

மழை பிடித்து இன்றோடு எட்டு நாள். காயல் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு கை இல்லாமல் பொழியில் மண்வெட்டி படக் கூடாது என்று இந்த வருஷம் கமிட்டியில் எழுதியே வைத்துவிட்டார்கள். யாரால் அப்படி எழுத வேண்டி வந்தது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. என் கை போகாவிட்டால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரத்தில் முப்பத்திரண்டு வயலும் தண்ணீருக்கடியில். மாதேவன் வயலும்தான், இரண்டாவது வருஷமாக. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரியும். காலையில் எழுந்து பார்க்கிறேனே.

இதோ வந்துவிட்டோம். அந்தத் தாழைப் புதருக்கு அப்பால் பாருங்கள், கல் தெரிகிறது. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். என் கண் இப்போது சரியில்லை. பெண் மாதிரி இருக்கிறது. பிரகாசியா?

அவள்தான். எங்கள் கமிட்டியின் நிலைமையைப் பாருங்கள். நான் பெயிண்ட் அடித்த கோட்டை யாரும் நம்புவதில்லை. தினமும் காலையில் அவளைத் தண்ணீரில் இறக்கி, இடுப்புவரை வந்துவிட்டதா என்று பார்க்கிறார்களாம். கரையில் உட்கார்ந்திருப்பது வியாகப்பன். பீடி இழுக்கிறான் போலிருக்கிறது. தனியாக.

தண்ணீர் அவளுக்கு எதுவரை நிற்கிறது, பார்த்துச் சொல்லுங்கள். தொடையா? அப்படியானால் வெள்ளைக் கோடு நனைந்திருக்கும். சரியாக இருக்கிறது. அதாவது இன்று நான் இறங்கி அந்த வெள்ளைக் கோட்டில் கை வைத்து இதுதான் கோடு என்று சொன்னால், எனக்கு நல்லது. உங்கள் பலகையில் சிவப்புக் கோடும் அங்கேயே விழும். அரசாங்கப் பலகை. பிறகு யாரும் பேச முடியாது. என் வயல் பிழைக்கும்.

என்ன மக்களே, அப்படிப் பார்க்கிறீர்கள்? சும்மா சொன்னேன்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்லிவிட்டேனே, அது போதாதா? நீங்களே போய் அவர்களிடம் சொல்லிவிடக் கூடாதா? வேண்டாம், வேண்டாம். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். அந்தத் தாளிலும் எழுதாதீர்கள்.

பார்த்துவிட்டாள். கையை ஆட்டுகிறாள். ஒரு வருஷம் கழித்து என்னைப் பார்க்கிறாள். இப்போது ஏதாவது கேட்பாள் பாருங்கள். கேட்டாளானால் இப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவேன்.

"அண்ணாச்சி, வந்தேரா? தண்ணி குளிருகு. சட்டுனு எறங்கும்."

கேட்டீர்களா? குளிர்கிறதாம். இவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது. நான் ஒரு வருஷமாக இவளுக்கு என்னென்ன பதில் யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா?

வியாகப்பனும் எழுந்துவிட்டான். பீடியைக் கீழே போடாமல் நிற்கிறான். பாதிதான் எரிந்திருக்கிறது.

சரி. இப்போது நான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் அங்கே போய் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை. மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன், மாற்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன். கையை மட்டும் வைப்பேன். வெள்ளைக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் இடத்தில் சிமெண்டைத் தடவினால் ஒரு வரி குழிந்திருக்கும். பார்த்தால் தெரியாது. விரலுக்குத் தெரியும். எத்தனை பூசினாலும் அந்தக் குழி போகவில்லை. என் கை எங்கே நிற்கிறதோ அங்கே உங்கள் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன, ஏது என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

தண்ணீர் அங்கே ஏற இன்னும் நாலு நாளாகும். திரும்பும்போது வளைவில் என் வயலை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நீங்கள் வரும்போது அந்த நுனியும் தெரியாது. நெல் வரும், மீன் வரும், அது வேறு விஷயம்.

இந்தச் செருப்பைக் கொஞ்சம் பிடியுங்கள்.